கை எழுதுகிறது, கண் படிக்க மறுக்கிறது: வாசகர் கேள்வி பதில்

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு திரும்புவதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறையப் பேர் கேட்டிருந்தது வேறு விஷயம்: "பேச்சு வந்துடுச்சு மேடம், படிப்பு வரலையே, அதுக்கு என்ன செய்யறது?" சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துப் பதில் எழுதுகிறேன். இங்கே பேச்சு, மொழிப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருப்பதால் இந்தக் கஷ்டத்தோடு வருகிறவர்களை அன்றாடம் பார்க்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 61 வயது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நாலு மாசத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சும் தெளிவு. ஆனால் பேப்பரை எடுத்தால் "ஏதோ வேற பாஷை மாதிரி இருக்கு" என்கிறார். பில் புக்கில் பார்ட்டி பெயர், எடை, கூலி எல்லாம் அவர் கையாலேயே எழுதுகிறார், கொஞ்ச நேரம் கழித்து அதையே காட்டினால் படிக்கத் தெரியவில்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம், பிரயோஜனம் இல்லை. சித்தப்பாவோ "அண்ணன் நடிக்கிறார்" என்கிறார். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அ, ஆ-விலிருந்து ஆரம்பித்தோம், அப்பா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. என்ன செய்வது?

முதலில் இந்தப் பதிலைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டும்மா. அப்பா நடிக்கவில்லை. எழுத வரும், ஆனால் எழுதியதைப் படிக்க வராது என்கிற நிலை மருத்துவத்தில் ரொம்பப் பழைய செய்தி. பாரிஸில் ழூல் டெஜெரின் என்ற நரம்பியல் மருத்துவர் 1892-லேயே இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் வந்தவரும் ஒரு வியாபாரிதான், துணி வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். 1887-ல் ஒரு நாள் திடீரென்று எழுத்தைப் படிக்க முடியாமல் போயிற்று. கடிதம் எழுதினார், பேசினார், எண்களைப் படித்தார், கணக்கும் போட்டார், ஆனால் தான் எழுதிய கடிதத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து எங்கே பழுது என்று டெஜெரின் காட்டினார், இன்றைக்கு ஸ்கேனில் நாங்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதே இடம்தான்.

அந்த இடம் எது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் வீட்டில் நடக்கிற சண்டை நிற்கும். மூளையின் இடது பக்கப் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொள்கிறது. அதனால் வலது பக்கக் காட்சி பாதி மறைந்துவிடும். இடது பக்கம் தெரிகிற எழுத்து மூளையின் வலது பாதிக்குப் போய்ச் சேர்கிறது, அங்கிருந்து சொற்களை அறிகிற இடது பாதிக்குக் கடக்க வேண்டும், கடக்கிற நரம்புக் கற்றையும் அதே அடைப்பில் பழுதாகிவிடுகிறது. பட்டறையில் சரக்கு தயார், கடையும் திறந்திருக்கிறது, நடுவில் இருக்கிற பாலம் மட்டும் இடிந்துபோனால் எப்படியோ அப்படி. மொழி அழியவில்லை, எழுதுகிற கை மறக்கவில்லை, கண்ணும் கெடவில்லை. அதனால்தான் கண்ணாடி மாற்றிப் பிரயோஜனம் இல்லை, அ, ஆ கற்றுக்கொடுப்பதிலும் பிரயோஜனம் இல்லை. அவருக்கு அ, ஆ தெரியும். நாற்பது வருஷம் கணக்கு எழுதிய மனுஷன் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அவர் தூக்கிப் போடாமல் என்ன செய்வார்? தயவு செய்து அதை இனிமேல் எடுக்காதீர்கள். இந்தக் கஷ்டத்தோடு வருகிற பாதிப் பேரின் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறது, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? கண் வழி அடைத்திருக்கிறது, கை வழி திறந்திருக்கிறது, அந்த வழியாகப் போக வேண்டும். பில் புக்கிலிருந்து அவருக்குப் பழக்கமான ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், 'பட்டறை' என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து எழுதுவது போலவே இழுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத 'ப' விரல் வளைந்து திரும்பியதும் வாயில் வந்துவிடும். அடுத்தது 'ட்', மேலே புள்ளி வைக்கிறபோது விரல் தானாகத் தூக்கிக் குத்தும். இப்படி ஒவ்வொன்றாக "ப... ட்... ட..." என்று போய் 'றை' வருவதற்குள்ளேயே பெரும்பாலும் முழுச் சொல்லும் வந்து விழுந்துவிடும். என் அறையில் இது முதல் தடவை நடக்கும்போது அந்த முகத்தில் வருகிற மாற்றத்தைப் பார்க்க வேண்டும், கூட வந்தவர்களும் அப்போதுதான் நம்புவார்கள். சில பேர் தாளைத் தொடாமல் தொடையில் வேட்டி மேல் எழுதிப் பார்ப்பார்கள், சில பேர் உள்ளங்கையில். கனடாவில் துப்பறியும் கதைகள் எழுதிய ஹோவர்ட் எங்கல் என்பவருக்கு 2001-ல் இதே மாதிரி ஸ்ட்ரோக் வந்தது, அவர் எழுத்துகளை நாக்கால் பல்லின் பின்புறம் வரைந்து வரைந்து படித்தார், அதற்குப் பிறகும் நாவல் எழுதினார். எது வசதியோ அது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். துணைக்காலும் ர-வும் அச்சில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். நாம் சொல்லை மொத்தமாகப் பார்ப்பதால் தடுமாற மாட்டோம், ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துப் போகிறவருக்கு 'கார்' என்ற சின்னச் சொல்லே மாட்டிக்கொள்ளும். ண, ன இரண்டும் அப்படித்தான். அவர் அங்கே நின்றால் "இது கூடத் தெரியலையா" என்று கேட்காதீர்கள், துணைக்காலுக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக் கொடுங்கள்.

இன்னொரு பயிற்சி, திரும்பத் திரும்பப் படிப்பது. ஐம்பது, அறுபது சொல் உள்ள ஒரு பத்தியை எடுத்து, நீங்கள் முதலில் நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும், பிறகு அவர் சத்தமாகப் படிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்த்து எழுதி வையுங்கள். மறுநாளும் அதே பத்தி, அதற்கு மறுநாளும் அதே. முதல் நாளைக்கு ஆன நேரத்தில் பாதிக்கு வந்ததும் புதுப் பத்திக்குப் போங்கள். மனப்பாடம் ஆகிவிடுமே என்று எல்லோரும் கேட்கிறார்கள், கொஞ்சம் ஆகும்தான், ஆனால் நாளாக நாளாக இதுவரை பார்க்காத பத்தியிலும் வேகம் கூடும், அதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி, அதற்கு மேல் போனால் களைத்துப்போய் எல்லாமே தப்பாகும். என்ன படிப்பது என்றால் தினத்தந்தியின் பெரிய எழுத்துத் தலைப்புகள், வெள்ளி விலை நிலவரம், அவருடைய பார்ட்டிகளின் பெயர்கள், கோயில் திருவிழா நோட்டீஸ். வெள்ளி விலையை அவர் எப்படியும் பார்க்கத் துடிப்பார், எண்கள் அவருக்குப் பிடிபடக்கூடும், அங்கேயே ஆரம்பியுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். கண் மருத்துவரிடம் போய் 'ஃபீல்டு டெஸ்ட்' எடுங்கள். சார்ட்டில் எழுத்துப் படிக்க வைக்கிற பரிசோதனையில் பக்கப் பார்வை போனது தெரியாது. வலது பாதி மறைந்திருந்தால் ஒவ்வொரு சொல்லிலும் கடைசிப் பகுதி அவருக்குத் தெரியாமல் போகும், நம் தமிழில் விஷயமே கடைசியில்தான் இருக்கிறது. 'பணம் கட்டியவர்கள்', 'பணம் கட்டாதவர்கள்' இரண்டும் ஆரம்பத்தில் ஒன்றுதான். அதனால் சொல் முடிகிற இடத்தில் விரலை வைத்து, பார்வையை விரல் வரைக்கும் கொண்டுபோகப் பழக்க வேண்டும். வலமிருந்து இடமாக மெதுவாக நகரும் எழுத்தைப் படிப்பதும் இந்தக் குறைக்கு உதவுகிறது, லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் இதற்காகவே 'ரீட்-ரைட்' என்ற பயிற்சியை உருவாக்கியிருக்கிறார்கள், அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழுக்குப் பயிற்சியாளரிடம் சொல்லி கம்ப்யூட்டரில் எழுத்தை மெதுவாக ஓடவிடச் செய்யலாம். டிவியில் கீழே ஓடுகிற செய்தி வரியை வைத்துப் பழக்காதீர்கள், அந்த வேகம் அவருக்குத் தாங்காது. பக்கப் பார்வை போனது உறுதியானால் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்து ரோட்டில் வலது பக்கத்திலிருந்து வருகிற பஸ் அவருக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

ஏற்காடு, நாகலூரிலிருந்து ஒரு தம்பி: வயது 24. அஞ்சு மாசத்துக்கு முன்னால் மலைப்பாதையில் பைக்கில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் விழுந்துவிட்டேன். ஹெல்மெட் போடவில்லை. விழுந்த நாளே எனக்கு ஞாபகம் இல்லை. ஸ்கேனில் சின்ன ரத்தக்கசிவு, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத்தெல்லாம் படிக்கத் தெரிகிறது, ஆனால் பத்து வரிக்குள் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பிக்கிறது, தலை வலிக்கிறது, பக்கத்தின் அடிக்கு வரும்போது மேலே என்ன படித்தேன் என்பது மறந்துவிடுகிறது. என் மூளை அவ்வளவுதானா?

இல்லை தம்பி. உனக்கு எழுத்து தெரிகிறது, சொல் தெரிகிறது, பொருளும் தெரிகிறது. போன கடிதத்து அப்பாவுக்கு இருக்கிற பிரச்சினை வேறு, உன்னுடையது வேறு. தலையில் அடிபட்டவர்கள் "படிக்க முடியவில்லை" என்று சொல்லும்போது உள்ளே இரண்டு மூன்று விஷயங்கள் பின்னிக்கொண்டிருக்கும், அதைப் பிரித்துப் பார்க்காமல் "கொஞ்ச நாள் புக்கைத் தொடாதே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வு சரி, அஞ்சு மாசம் கழித்தும் ஓய்வு என்றால் அது மருத்துவம் ஆகாது.

இரண்டிரண்டாகத் தெரிவது கண் சம்பந்தப்பட்டது. பக்கத்தில் இருப்பதைப் படிக்க இரண்டு கண்ணும் உள்பக்கமாகத் திரும்பி ஒரே புள்ளியில் சேர வேண்டும், தலையில் அடிபட்டவர்களுக்கு இது தளர்ந்துபோவது சகஜம். வீட்டிலேயே ஒரு பேனாவை நேராகப் பிடித்து மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவா. மூக்குக்கு வெகு தூரத்திலேயே பேனா இரண்டாகத் தெரிந்தால் விஷயம் இதுதான் என்று சந்தேகப்படலாம். கண் மருத்துவமனையில் "ரெண்டு கண்ணும் சேருதான்னு பாருங்க, தலையில அடிபட்டது" என்று சொல்லியே கேள், சொல்லாவிட்டால் பவர் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இதற்குக் கண் பயிற்சி இருக்கிறது, சிலருக்குப் பிரிசம் வைத்த கண்ணாடி கொடுப்பார்கள்.

அடுத்தது களைப்பு. அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போகும், முன்பு தானாக நடந்த வேலையை இப்போது முக்கி முக்கிச் செய்வதால். தலைவலி வந்த பிறகு நிறுத்துவதைவிட வருவதற்கு முன்னால் நிறுத்துவது நல்லது. ஏழு நிமிஷத்தில் வலி வருகிறது என்றால் அஞ்சு நிமிஷத்தில் புத்தகத்தை மூடு, வெளியே வந்து மரத்தையோ மலையையோ பார், திரும்பப் போய் அஞ்சு நிமிஷம். ஒரு வாரம் தொந்தரவு இல்லாமல் போனால் ஒரு நிமிஷம் கூட்டு. காலை வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து படி, ராத்திரி மின்னுகிற டியூப் லைட்டிலும் போனிலும் வேண்டாம். தூக்கம் குறைந்தால் மறுநாள் படிப்பு அம்போதான். உன் வயசுப் பையன்களிடம் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், மதுவைத் தொடாதே.

மூன்றாவது மறதி. சும்மா வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நிற்காது. பாடத்தைப் படிப்பதற்கு முன்னால் தலைப்பு, படம், தடித்த எழுத்து இவற்றை மட்டும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இதில் எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று நீயே இரண்டு கேள்வி எழுதிக்கொள். அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேடிப் படி. பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு உன் வார்த்தையில் சத்தமாகச் சொல்லு, அம்மாவிடம் சொல்லு, ஆள் இல்லையென்றால் போனில் பதிவு செய். பிறகுதான் அடுத்த பத்தி. கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் மாதிரி வெட்டி வைத்துக்கொண்டால் கண் வரி மாறாது. சமச்சீர் புத்தகத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பி, உனக்குத் தெரிந்த பாடம் என்பதால் மூளைக்கு வேலை குறையும், பாடத்திட்டமும் அதுதானே. 200 கேள்வி, 3 மணி நேரம் என்பது இப்போதைக்குத் தூரம். இந்த வருஷத் தேர்வை இலக்காக வைக்காதே, அடுத்ததை வை. உன் கடிதத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஹெல்மெட்டை மட்டும் இனி மறக்காதே, முதல் தடவை அடிபட்டு ஆறுவதற்குள் இரண்டாவது தடவை பட்டால் அது வேறு கதையாகிவிடும்.

ஓமலூரிலிருந்து ஒரு மருமகள்: அத்தைக்கு இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் பக்திப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னால் வரியை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார், அர்த்தமே வருவதில்லை. தட்டில் இடது பக்கம் இருக்கிற இட்லியைச் சாப்பிடாமல் "போதும்" என்று எழுந்துவிடுகிறார்.

இட்லியைப் பற்றியும் எழுதினது நல்லது, இரண்டும் ஒரே பிரச்சினை. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் இடது பக்க உலகத்தின் மேல் கவனமே போகாது. இது பார்வைக் குறை இல்லை, கவனக் குறை. சொல்லுக்குள்ளேயும் இது நடக்கும்: இடது பக்கம் நிற்கிற கொம்பு விட்டுப்போனால் 'பொட்டு' என்பது 'பாட்டு' ஆகிவிடும். ஒவ்வொரு வரியின் ஆரம்பத்திலும் மேலிருந்து கீழாக ஒரு தடித்த சிவப்புக் கோடு போடுங்கள், சிவப்பு கண்ணில் படுகிற வரை படிக்க ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்லுங்கள், அத்தையின் இடது கையைக்கூட அந்த ஓரத்தில் வைக்கலாம். பக்கத்தைப் பத்திரிகை மாதிரி ஒல்லியான பத்தியாகப் பெரிய எழுத்தில் எடுத்துக் கொடுத்தால் சுலபம். நீங்கள் பேசும்போது எதிரில் உட்காராமல் கொஞ்சம் கொஞ்சமாக அத்தையின் இடது பக்கம் நகர்ந்து உட்காருங்கள். தட்டையும் திருப்பி வையுங்கள், பசியோடு எழுந்துபோகிறார் பாவம்.

ஆத்தூரிலிருந்து ஒரு மனைவி: என் வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் உதவியாளர், 49 வயது. பத்து மாசத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக், பேச்சு தடுமாற்றத்தோடு வருகிறது. படிக்கும்போது 'கடிதம்' என்று எழுதியிருந்தால் 'தபால்' என்கிறார். 'ஆனால்', 'எனவே', 'மேற்படி' இதெல்லாம் வாயில் வருவதே இல்லை. பையன் பெயர், ஊர்ப் பெயர் படிக்கிறார். ஆபீஸில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், படிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 20-வது பிரிவில் 4-வது உட்பிரிவைப் பாருங்கள். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாது என்றால் அதே சம்பளத்தில் வேறு பணியிடம் கொடுக்க வேண்டும், அப்படி இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஏற்படுத்தி, தகுந்த இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வயது வரையோ வைத்திருக்கலாம். அந்தச் சட்டம் பட்டியலிட்ட 21 வகை ஊனங்களில் மூளைப் பாதிப்பால் வருகிற பேச்சு, மொழிக் குறையும் ஒன்று. அதனால் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். ஆபீஸில் யார் எது கேட்டாலும் வாய்ப்பேச்சாக வேண்டாம், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் கொடுங்கள். நல்ல மனசோடு "எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள், அவர்களிடமும் நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடுங்கள். அவரால் படிக்க முடியாதபோது எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள், யாராவது முழுசாகப் படித்துக் காட்டிய பிறகுதான்.

இனி படிப்பு. 'கடிதம்' என்பதைத் 'தபால்' என்று படிக்கிறார் என்றால் பொருள் உள்ளே போய்விட்டது, எழுத்திலிருந்து ஒலிக்குப் போகிற வழிதான் அறுந்திருக்கிறது. கண்ணால் பார்த்து மனசில் நினைக்கக்கூடிய சொல்லைப் பொருள் வழியாகப் பிடித்துவிடுகிறார். 'எனவே'-க்கு மனசில் என்ன படம் வரும்? ஒன்றும் வராது, அதனால்தான் அது நிற்கிறது. பயிற்சியில் ஒவ்வொரு எழுத்துக்கும் அவருக்கு உறுதியாக வருகிற ஒரு சொல்லைக் கட்டிவைப்போம். 'ப' என்றதும் பையன் பெயரோ சொந்த ஊரோ அந்த எழுத்தில் ஆரம்பித்தால் அதைச் சொல்ல வைத்து, அதன் முதல் ஒலியை மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொல்வோம், பிறகு இரண்டு எழுத்தைச் சேர்ப்பது, பிறகு மூன்று. மாசக்கணக்கில் ஆகும். 'மேற்படி', 'எனவே' மாதிரியான சொற்களைத் தனியாகப் பழக்க வேண்டாம், அவர் வருஷக்கணக்காக எழுதிய ஆபீஸ் வாசகத்துக்குள்ளேயே வைத்துப் பழக்குங்கள், 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று தொடங்கிவிட்டால் மீதி தானாக வரும் சாத்தியம் உண்டு. ஆபீஸில் தன்னிடம் வருகிற கடிதங்களை அவர் பதிந்து வைக்கிற தன்பதிவேட்டின் பழைய பக்கம் ஒன்றை நகலெடுத்து வரச் சொன்னால் எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அது எனக்கு உதவும். ஆங்கிலம் தெரிந்தவராக இருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு மொழியும் ஒரே அளவில்தான் பாதிக்கும் என்று கட்டாயம் இல்லை. ஜப்பானில் ஒரே ஆளுக்கு ஒருவகை எழுத்து போய் இன்னொரு வகை நிற்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள், கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறவருக்கு வந்த வாசிப்பிழப்பைப் பற்றி பிரதிபா காரந்த் 1981-லேயே எழுதியிருக்கிறார்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்காக, எழுத்தைப் படம் பிடித்தால் வாசித்துக் காட்டுகிற வசதியைப் போனில் போட்டுக் கொடுத்தேன். அக்கா, "இப்படிக் கொடுத்தா அம்மா படிக்கவே முயற்சி பண்ண மாட்டாங்க" என்று திட்டுகிறாள். யார் சொல்வது சரி?

நீங்கள் செய்ததுதான் சரி. மின் கட்டணம் எவ்வளவு, மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, பேத்தி என்ன மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், இதெல்லாம் இன்றைக்கே தெரிய வேண்டிய விஷயங்கள், படிப்பு திரும்புகிற வரை அம்மா காத்திருக்க முடியாது. பயிற்சி நேரத்தில் மட்டும் போன் வேண்டாம். அல்லது போன் வாசிக்கும்போதே அம்மா அந்த வரியில் விரலை ஓட்டிக்கொண்டு போகட்டும், காதும் கண்ணும் சேர்ந்து போவதே ஒரு பயிற்சி. அக்கா சொல்வதிலும் அக்கறை இருக்கிறது, அவரையே தினமும் சாயங்காலப் பயிற்சிக்கு உட்காரச் சொல்லுங்கள். மாத்திரையில் மட்டும் போனை நம்பி விட்டுவிடாமல் டப்பாவில் காலை, ராத்திரிக்கு வேறு வேறு நிறம் ஒட்டி வையுங்கள்.

வாழப்பாடியிலிருந்து ஒரு பெரியவர்: வல்லாரை லேகியமும் ஞாபக சக்தி மாத்திரையும் சாப்பிட்டால் படிப்பு திரும்பும் என்கிறார்களே?

இழந்த படிப்பை மீட்டுக் கொடுக்கும் என்று உறுதியான மாத்திரை எதுவும் இல்லைங்க ஐயா. வல்லாரைக் கீரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லேகியத்தை நம்பி பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, இரண்டாவது ஸ்ட்ரோக்கோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லேகியம் எதைச் சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். திடீரென்று எழுத்து புரியாமல் போவது, வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது எதுவானாலும் உடனே 108. அடைப்பைக் கரைக்கிற ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது.

மேட்டூரிலிருந்து ஒரு தங்கை: என் அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. படிப்புக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை, "ஆறு மாசத்துக்கு மேல முன்னேற்றம் இருக்காது"ன்னு ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள். இனிமேல் ஆரம்பிக்கலாமா, எங்கே போவது?

ஆரம்பிக்கலாம். மூளை தானாக ஆறுகிற வேகம் முதல் சில மாசங்களில் அதிகம், அது உண்மை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடுகிறது என்பது உண்மை இல்லை. வருஷங்கள் கழித்துப் பயிற்சி ஆரம்பித்தும் படிக்கிற வேகமும் சரியாகப் படிப்பதும் முன்னேறியவர்கள் இருக்கிறார்கள், மருத்துவ ஆய்வுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. பழைய வேகம் முழுசாக வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பஸ் போர்டு படிப்பது, ஏடிஎம் திரையைப் படிப்பது, பத்திரிகையில் அரைப் பக்கம், இப்படி அண்ணனுக்கு எது வேண்டுமோ அதை அவரிடமே கேட்டு இலக்காக வையுங்கள்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலிருந்து தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் படமும் கட்டாயம் கையில் இருக்கட்டும், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. தனியாரிடம் போனால் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற பேச்சு, மொழி சிகிச்சையாளரா என்று கேட்பதில் தப்பே இல்லை. விரிவான பரிசோதனை வேண்டுமென்றால் மைசூருவில் 1965-லிருந்து நடக்கிற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. போகிற இடத்தில் "பேச்சு மட்டுமில்ல, படிக்கிறதையும் எழுதறதையும் தனித்தனியா சோதிச்சுச் சொல்லுங்க" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு காரியம் செய்யலாம்: அண்ணன் படிக்கும்போது எந்தச் சொல்லை எப்படிப் படித்தார் என்று அப்படியே ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதி வையுங்கள், சரியாகப் படித்ததையும் சேர்த்து. அந்த நோட்டைப் பார்த்தாலே எந்த வழி அடைபட்டிருக்கிறது என்பது எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.